ஒரே பிரதி

ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவலை எண்பதுகளில் வகுப்பில் நடத்தியபோது நான் மெனக்கெட்டு விளக்கவேண்டியிருந்த சங்கதிகளெல்லாம் இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரிந்துவிடுகின்றன. அன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரிந்தவற்றைத்தான் இன்று உட்கார்ந்து விளக்கவேண்டியிருக்கிறது. 1953-இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்தச் சின்ன நாவலில் தீயணைப்புப் படைக்கு வேலையே வேறு. புத்தகம் வைத்திருக்கும் வீடுகளைத் தேடிப்போய்க் கொளுத்துவதுதான் அதன் உத்தியோகம். கொளுத்துகிறவர்களில் ஒருவனான மோண்டாக், எரியவிருக்கும் வீட்டிலிருந்து ஒரு புத்தகத்தை ஒளித்து எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறான். அவன் மனைவி மில்ட்ரெட் காதுக்குள் சிப்பி அளவு ரேடியோவைச் செருகிக்கொண்டு இரவெல்லாம் படுத்திருப்பாள். பகலில் கூடத்துச் சுவர் முழுக்க ஓடுகிற தொலைக்காட்சி மனிதர்களைத் தன் குடும்பம் என்று சொல்லிக்கொள்வாள்.

அந்தச் சிப்பி ரேடியோவை விளங்கவைக்கத்தான் அன்று அதிகப் பாடு. எங்கள் தென்மாவட்டத்துச் சிற்றூர்க் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு வானொலி என்றால் ஊருக்கே கேட்கிற பொருள். டீக்கடையில் இலங்கை வானொலி பாடினால், எதிர்ச்சாரியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவரும் சேர்ந்து முணுமுணுப்பார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ் வந்தால்கூடப் பல்லவி முடியட்டும் என்று ஒரு நொடி தயங்குவார்கள். "தனக்கு மட்டும் கேக்குற பாட்டுல என்ன சார் சந்தோஷம்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் நான் கேட்கவில்லை. இன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது, கூந்தலுக்குள் மறைந்திருக்கும் ஒன்றிரண்டு சிப்பிகள் சத்தமில்லாமல் கழன்று பைக்குள் போகின்றன. நான் எதையும் விளக்குவதில்லை.

சுவர்த் தொலைக்காட்சியின் கதை இன்னும் சுவையானது. தெருவுக்கு ஒரு பெட்டி வந்திருந்த காலம் அது. மொட்டைமாடியில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி ரூபவாஹினி பிடிப்பார்கள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்துக்குப் பெட்டி இருக்கிற வீட்டு முற்றம் கல்யாண வீடாகிவிடும். மில்ட்ரெட் வீட்டில் மூன்று சுவர்களுக்குத் திரை வந்துவிட்டது, நாலாவது சுவருக்கும் வேண்டுமென்று புருஷனை நச்சரிக்கிறாள் என்று நான் வாசித்தபோது வகுப்பு பெருமூச்சுவிட்டது. அவள் அவ்வளவு தனிமையில், தூக்கமாத்திரைப் புட்டியைக் காலிசெய்கிற அளவு வெறுமையில் இருக்கிறாள் என்பதை அவர்களால் நம்பவே முடியவில்லை. "மூணு சுவரு சார்! அப்புறம் அந்தம்மாவுக்கு என்ன குறை?" என்று கேட்டவன் குறும்புக்குக் கேட்கவில்லை. அவன் அறிந்த தொலைக்காட்சியைச் சுற்றி எப்போதும் அறுபது பேர் இருந்தார்கள். வேர்க்கடலைத் தொலி இருந்தது, பக்கத்து வீட்டு அத்தையின் விமரிசனம் இருந்தது. தனியாகப் பார்க்கிற தொலைக்காட்சியை அவனால் கற்பனை செய்ய முடியவில்லை. நாவலின் நரகம் அவனுக்குச் சொர்க்கமாகத் தெரிந்ததில் எனக்கு அன்று எவ்வளவு வியப்போ, அவனுடைய சொர்க்கம் எப்படிப்பட்டது என்று இன்று நினைத்துப் பார்க்கையில் அவ்வளவு ஏக்கம்.

அதே வகுப்புக்குத் திண்ணையை விளக்க வேண்டியிருக்கவில்லை. நாவலில் மோண்டாக்கின் அடுத்த வீட்டுப் பெண் கிளாரிஸ், அந்தக் காலத்து வீடுகளுக்கு முன்வாசலில் உட்கார்ந்து பேச இடம் இருந்ததாமே, ஜனங்கள் சும்மா உட்கார்ந்து யோசிப்பதும் பேசுவதும் பிடிக்காமல்தான் அதையெல்லாம் இடித்துவிட்டார்களாமே என்று தன் மாமா சொன்னதைச் சொல்வாள். அன்று அந்த இடத்தில் நான் நிறுத்தவே இல்லை. திண்ணையிலிருந்து எழுந்து கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். இப்போது அதே இடத்தில் கரும்பலகையில் திண்ணையைப் படமாக வரைகிறேன். தூண், சாய்மானம், கால் தொங்கப்போடும் உயரம், வழிப்போக்கன் கேட்காமலே வந்து உட்காரலாம் என்ற ஏற்பாடு எல்லாவற்றையும் சொல்கிறேன். "கேமரா இல்லாமலா சார்?" என்கிறார்கள். நியாயமான சந்தேகம்.

அந்த நாவல் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. எழுபதுகளின் கடைசியில் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடையில் பேரம்பேசி வாங்கிய அமெரிக்க மலிவுப்பதிப்பு ஒன்றை, சனிக்கிழமை காலைகளில், மதிப்பெண் ஆசை எதுவும் காட்டாமல், வர விரும்புகிறவர்களுக்கு வாசித்துக் காட்டலாம் என்று நான் தொடங்கினேன். (அந்த மூர் மார்க்கெட்டும் 1985-இல் எரிந்துபோனது. எத்தனை பேருடைய முதல் புத்தகம் அங்கே வாங்கியதாக இருக்கும்! உங்களுடையதும் இருக்கலாம்.) பெரும்பாலும் தமிழ் வழியில் படித்து, ஆங்கில இலக்கிய வகுப்பில் இடம் கிடைத்ததால் வந்து சேர்ந்த பிள்ளைகள். நான் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் வாசிப்பேன், பிறகு அதையே தமிழில் சொல்வேன், பிறகு மறுபடி ஆங்கிலத்தில் வாசிப்பேன். இரண்டாவது வாசிப்பில் முகங்கள் விளக்கு ஏற்றியதுபோல் ஆகும். ஒரு பாடவேளைக்கு நாலு பக்கம் நகர்ந்தால் அது வேகமான நாள். அந்த மெதுவுக்காகவே இன்றைக்கும் மனம் ஏங்குகிறது.

வகுப்புக்கே இருந்தது ஒரு பிரதி. நூலகத்தில் கிடையாது, ஜெராக்ஸ் எடுக்க டவுனுக்குப் போகவேண்டும், பக்கத்துக்கு அவர்கள் கேட்ட காசு எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது. கல்லூரியின் சைக்ளோஸ்டைல் மிஷின் பரீட்சைக்கு மட்டும்தான் சுற்றும். எனவே முதுகு விட்டுப்போன அந்தப் புத்தகத்தை பைண்டரிடம் கொடுத்துப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு பக்கமாகத் தைக்கச் சொல்லி, காக்கி அட்டை போட்டு, ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். வாரக்கடைசிக்குள் அவரவர் தம் பங்கைக் கோடு போட்ட நோட்டில் கையால் எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த சனிக்கிழமை எழுந்து நின்று, நோட்டைப் பார்க்காமல், தன் பங்கில் என்ன நடக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். முப்பதாவது பக்கம் யாரிடம், நூற்றுப்பத்தாவது பக்கம் யாரிடம் என்று விடுதியில் எல்லோருக்கும் அத்துப்படி. ஒருத்தி ஊருக்குப் போய்விட்டால் கதை அந்த இடத்தில் நின்றுவிடும். வேட்டை நாய் துரத்திக்கொண்டிருக்கும்போது ஒரு பையனுக்கு அம்மை போட்டு, மோண்டாக் இரண்டு வாரம் ஆற்றுக்குள்ளேயே கிடந்தான்.

கடைசிப் பகுதியில் அவன் ஆற்றைக் கடந்து, பழைய ரயில் தண்டவாளத்து ஓரம் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் நாடோடிகளைச் சந்திக்கிறான். அவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை மனத்தில் சுமப்பவர்கள். ஒருவர் பிளேட்டோவின் 'குடியரசு', மோண்டாக்கிடம் பைபிளின் 'பிரசங்கி' கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்லவேண்டிய பெண் சொல்லி முடித்ததும் வகுப்பே மேசையைத் தட்டியது. "நம்மதான் சார் அது!" உண்மையில் அப்படித்தான். வசதியின்மையால் நாங்கள் செய்த ஏற்பாடு நாவலின் முடிவுக்கு முன்பே எங்களை அந்த முடிவுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டிருந்தது. பிரதி ஒன்றுக்கு மேல் இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை வாய்த்திருக்காது என்பதை நான் இன்றுவரை நம்புகிறேன்.

எழுத்து வேலையும் உண்டு. கிளாரிஸ் சொல்வாள், காரில் பறப்பவர்களுக்குப் புல் என்பது பச்சைத் தீற்றல், ரோஜா என்பது இளஞ்சிவப்புத் தீற்றல் மட்டும் என்று. அவர்களுடைய வேகத்துக்கு ஈடுகொடுக்க விளம்பரப் பலகைகளையே இருநூறு அடிக்கு நீட்டிவிட்டார்கள் என்று. அதை வாசித்த வாரம், வீட்டிலிருந்து கல்லூரிவரை கண்டதை ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். நடந்தும் சைக்கிளிலும் டவுன் பஸ் படிக்கட்டிலும் வந்த பிள்ளைகள். ஆங்கிலம் தடுக்கித் தடுக்கி வரும், வார்த்தை கிடைக்காத இடத்தில் தமிழ் வந்து உட்காரும். ஆனால் பார்த்தது பார்த்தபடி இருக்கும். சாலையோரப் புளியமரங்களுக்கு நெடுஞ்சாலைத் துறை வெள்ளையடித்து எழுதியிருந்த எண்களை ஒரு பையன் வரிசையாகக் குறித்து வந்திருந்தான். எந்தெந்த எண் இடையில் இல்லை, அந்த மரம் எப்போது விழுந்தது, யார் வீட்டு அடுப்புக்குப் போனது என்று விசாரித்து எழுதியிருந்தான். அதைப்போன்ற கட்டுரை ஒன்றை எழுதத்தான் நானும் பிற்பாடு பலமுறை முயன்றிருக்கிறேன்.

இப்போதும் அதே பயிற்சியைக் கொடுக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகும் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் வாரத்துக்கு ஒரு வகுப்பு எடுக்கக் கூப்பிடுகிறார்கள். கல்லூரிப் பேருந்து வாசலிலேயே ஏற்றிக்கொண்டு வாசலிலேயே இறக்கிவிடுகிறது. முதல்முறை எழுதிவந்த பக்கங்களில் பாதி, வழிநெடுக ஃபோனில் பார்த்தவற்றின் பட்டியலாக இருந்தது. அதுவும் ஒரு வழிப்பயணம்தான், அதை நான் ஒதுக்கவில்லை. மறுவாரம் ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வரச் சொன்னேன். நான்குவழிச் சாலையின் நடுவில் அரளிச் செடி, அதைத் தாண்டி எதிர்த்திசை லாரிகள், மேம்பாலம், ஃப்ளெக்ஸ் பேனரில் பூப்புனித நீராட்டுக்கு வாழ்த்துகிற முகங்கள். ஒரு பெண் எழுதியிருந்தாள்: சுங்கச்சாவடியில் பஸ் நிற்கிற நேரம் மட்டும்தான் முகங்கள் முழுசாகத் தெரிகின்றன, அங்கே வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பாட்டியை இந்த வாரம்தான் பார்த்தேன், பாட்டி என்னை முன்பே பார்த்திருக்கிறார், கையாட்டினார். புளியமரங்கள் போய்விட்டன, கவனிக்கிற கண் போகவில்லை.

புத்தகம் எரிவது பற்றிப் பேசும்போது அன்று வகுப்பில் நான் ஹிட்லர் காலத்துப் பெர்லினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இலங்கையில் நடந்த 83 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் எழுந்தாள். "எங்கட நூலகத்தில இருந்து இரவல் எடுத்த புத்தகம் ஒண்டு வீட்டில இருந்தது சேர். திருப்பிக் குடுக்க இடமில்லாமப் போச்சு" என்றாள். 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின என்று செய்தித்தாளில் படித்திருந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அந்தக் கட்டடம் எழும்பியபோது ஆலோசனை சொன்னவர்களில் நம் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனும் ஒருவர், வரைபடம் போட்ட நரசிம்மன் சென்னைக்காரர். அதையெல்லாம் பிற்பாடு வகுப்பில் சொன்னேன். அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்க முடியாமல் போன அந்தச் சிறுவர் கதைப் புத்தகத்தின் கதையை அவள் எங்களுக்குச் சொன்னாள், நாங்கள் எழுதிக்கொண்டோம். அந்த வாரத்து எழுத்து வேலை அதுதான்.

புத்தகம் பகையால் மட்டும் எரிவதில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு உண்டு. எங்கள் பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளைச் சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு உ.வே.சாமிநாதையர் துடித்துப்போனார். பக்தியோடு எரித்திருக்கிறார்கள்! பிராட்பரியின் தீயணைப்புத் தலைவன் பீட்டி, இந்தக் கொளுத்தும் வேலை அரசாங்க உத்தரவில் தொடங்கவில்லை என்று மோண்டாக்கிடம் விளக்குகிற நீண்ட பகுதி ஒன்று உண்டு. முதலில் ஜனங்களுக்குப் பொறுமை போயிற்று. பெரிய நூல்களைக் கால்மணி நேர வானொலி நிகழ்ச்சியாகச் சுருக்கினார்கள், பிறகு இரண்டு நிமிடத்தில் படிக்கிற பத்தியாக, கடைசியில் அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரியாக. எரிப்பதற்கு அதற்குமேல் என்ன இருந்தது? நாவலிலேயே ஆழமாகத் தைக்கிற இடம் இதுதான் என்பது என் எண்ணம். அன்றைக்கு அந்த இடத்தில் பரீட்சை நோட்ஸைப் பற்றிப் பேசினோம். இன்றைக்கு நாவலின் பெயரைத் தட்டினாலே சுருக்கம், பாத்திரப் படைப்பு, கருப்பொருள், மாதிரிக் கட்டுரை எல்லாமும் செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. அசைன்மென்ட்டுகள் பிழையே இல்லாமல் வருகின்றன. பிழையில்லாத அந்தப் பக்கங்களைத் திருத்தும்போது, தமிழ் வந்து உட்கார்ந்த அந்த ஆங்கிலப் பக்கங்களை நான் தேடுகிறேன். அதனால் எழுத்து வேலையை வகுப்புக்குள்ளேயே, பேனாவாலேயே வைத்துக்கொண்டுவிட்டேன். பிள்ளைகள் கை வலிக்கிறது என்கிறார்கள், எழுதவும் செய்கிறார்கள்.

ஆனால் அன்றைய வகுப்பில் இல்லாத பெரிய செல்வம் ஒன்று இன்று இருக்கிறது. அன்று நான் சொன்னதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். இன்று என்னையும் பிராட்பரியையும் நிற்கவைத்துக் கேட்கிறார்கள். கிளாரிஸ் ஏன் கதையில் பாதிக்கு முன்பே காணாமற்போக வேண்டும்? ரயில் தண்டவாளத்தோரம் புத்தகமாகி உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் எல்லோருமே ஆண்கள்? எத்தனையோ ஆண்டு நடத்திய நாவலில் இந்தக் கேள்வியை முதலில் கொண்டுவந்தவள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. த்ரூஃபோ 1966-இல் எடுத்த படத்தில் கிளாரிஸ் பிழைத்திருப்பாள், அந்தக் காட்டில் பெண்களும் இருப்பார்கள் என்று சொன்னேன். அடுத்த வகுப்புக்குள் பாதிப் பேர் படத்தையே பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். எண்பதுகளில் அந்தப் படத்தைப் பார்க்க எந்த ஊருக்குப் போயிருக்க முடியும்?

அந்தப் பழைய பிரதிக்கும் இவர்கள் கையில் புது வேலை கிடைத்தது. 1967-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பதிப்பகத்தார் நாவலில் எழுபத்தைந்து இடங்களில் கைவைத்தார்கள்; வசவுகளை எடுத்தார்கள், குடிகாரனை நோயாளி ஆக்கினார்கள். 1973 முதல் 1979 வரை கடைக்கு வந்ததே அந்தக் கத்தரித்த வடிவம்தான். புத்தகங்களை அழிப்பது பற்றிய புத்தகத்தைக் கத்தரித்ததைக் கண்டுபிடித்து ஆசிரியருக்கு எழுதியவர்கள் மாணவர்கள். பிராட்பரி கொதித்தெழுந்து முழு வடிவத்தைத் திரும்ப அச்சேற்ற வைத்தார். நூலகத்தின் நிலவறையில், அரைமணிக்குப் பத்து சென்ட் போட்டால் ஓடுகிற வாடகை டைப்ரைட்டரில், 9 டாலர் 80 சென்ட்டுக்குக் காசு போட்டுப் போட்டு முதல் வடிவத்தை அடித்து முடித்த மனிதருக்கு ஒவ்வொரு சொல்லும் விலை கொடுத்து வாங்கியதல்லவா? மூர் மார்க்கெட் பிரதி அந்தக் கத்தரித்த அச்சில் ஒன்று. காக்கி அட்டைப் பங்குகளை ஒரு கையிலும் ஃபோனில் முழு வடிவத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு, எங்கே எந்தச் சொல் போயிற்று, ஏன் போயிற்று, எடுத்தவர் யாரைக் காப்பாற்ற நினைத்தார் என்று இந்த வகுப்பு எழுதிய பக்கங்களை நான் பத்திரப்படுத்தியிருக்கிறேன். அன்றைய வகுப்பு செய்யமுடியாத வேலை இது.

கடைசிப் பயிற்சியை மட்டும் நான் மாற்றவில்லை. அழிந்துவிடக்கூடாது என்று நினைக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து மனத்தில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். அன்றைய பிள்ளைகளுக்கு மனப்பாடம் தண்ணீர்பட்ட பாடு. திருப்பாவையும் கலிங்கத்துப்பரணியும் சங்கீதமும் பராசக்தி வசனமும் வந்து நிற்கும், நிறுத்தச் சொல்வதுதான் சிரமம். இன்றைக்கு ஒரு பக்கத்தை ஏன் மனத்தில் வைக்கவேண்டும் என்பதிலிருந்து தொடங்கவேண்டும். இந்தமுறை ஒரு பையன் தன் ஆச்சி பாடுகிற ஒப்பாரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அச்சில் எங்கும் இல்லாத பாட்டு.

"ஆச்சி பாடுறப்ப ஃபோன்ல பதிஞ்சிட்டேன் சார். அதுவும் மனப்பாடம் மாதிரித்தானே?"

"ஃபோன் தொலைஞ்சா?" என்றாள் முன்வரிசைப் பெண்.

"கிளவுட்ல இருக்கும்லா."

"உங்க ஆச்சி ஒவ்வொரு சாவு வீட்டுலயும் வேற வேற மாதிரிக் கட்டிப் பாடுவாங்கன்னு நீதான சொன்ன? போன பாட்டு கிளவுட்ல இருக்கும். அடுத்த பாட்டு?"

பாதி வகுப்பு அவன் பக்கம், பாதி அவள் பக்கம். மணி அடித்த பிறகும் ஓயவில்லை. கடைசியில் தீர்மானித்தது அவர்களேதான்: பாட்டை ஒப்பித்தால் போதாது, ஆச்சி எப்படிக் கட்டுகிறார் என்பதைக் கூட உட்கார்ந்து கற்றுக்கொண்டு வரவேண்டும். அவன் இரண்டு வாரம் கெடு கேட்டான். செமஸ்டர் முடியும்வரை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.